வெண்மது நாட்டில் ஒரு செம்மது

பிரான்சு நாட்டின் கிழக்கெல்லையில், வோஸ் மலைத்தொடருக்கும் ரைன் ஆற்றுக்கும் இடைப்பட்ட அல்சாஸ் வெண்ணிறத் திராட்சை மதுவுக்குப் பெயர்போன நிலம். அங்கு விளையும் மதுவில் பத்தில் ஒன்பது பங்கு வெண்மதுவே. அல்சாஸ் என்னும் பெயர் தாங்கும் செம்மதுவுக்குச் சட்டம் ஒப்பும் கருந்திராட்சை பினோ நுவார் ஒன்றேயாம்.

கருந்திராட்சையின் சாறும் பெரும்பாலும் நிறமற்றதே. சாறு தோலோடு ஊறிப் புளிக்கும்போதுதான் சிவப்பு இறங்கும். பினோ நுவாரின் தோலோ மெல்லியது. ஆகவே நிறமும் துவர்ப்பும் குறைவு.

புதிய ஓக் மரப் பீப்பாயின் உட்புறம் தீயில் வாட்டப்படும். அது வனிலா மணம், புகைச்சுவை, மரத்தின் துவர்ப்பு ஆகியவற்றை மதுவில் ஏற்றும். மெல்லிய மதுவில் இவை ஏறினால் செர்ரி போன்ற பழமணம் அமுங்கிவிடுமன்றோ? எனவே அங்குள்ளோர் பலர் எஃகுத் தொட்டியையோ, பல்லாண்டு பழகி மணமிழந்த பெரும்பீப்பாயையோ நாடுவர். செலவுக்கு அஞ்சியே மரத்தை விலக்கினர் என்பது பொருந்தாக் கூற்று. வெயில் மிகுந்த அண்மை ஆண்டுகளில், நன்கு முதிர்ந்த பழத்தின் மதுவைப் புதுப் பீப்பாயில் இடுவாரும் உளர்.

2022இல் ஹெங்ஸ்ட், கிர்ஷ்பெர்க் டெ பார் என்னும் இரு விளைநிலங்களின் செம்மதுவுக்கு அவ்வட்டாரத்தின் மிகவுயர்ந்த தரப்பெயர் கிட்டிற்று. அதுகாறும் அப்பெயர் வெண்மதுவுக்கே உரியதாயிருந்தது.