மேளக்காரர் தலைவரானால் என்ன நடக்கும், தெரியுமா?

நம் குப்பம் ஊரின் கங்கம்மா ஜாத்திரையில் தப்பட்டை முழங்கினால் ஊரே அதன் பின்னால் போகும். கச்சேரி மேடையில் மட்டும் தாளக்காரருக்குப் பக்கவாட்டு இடம்தான்! அவரை நடுவில் உட்கார வைத்தவர்கள் என்னவெல்லாம் சாதித்தார்கள் என்று பாருங்கள், அசந்துபோவீர்கள்!

மூன்றே பேர், ஒரு நாடகத்தின் பாடல்கள்!
1956-ல் நியூயார்க்கில் ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகம் சக்கைப்போடு போட்டது. அதே ஆண்டு டிரம்ஸ் கலைஞர் ஷெல்லி மேன், பியானோ, பேஸ் என இரண்டே துணையோடு அதன் பாடல்களை ஜாஸாக மாற்றி ஆல்பம் போட்டார். விற்பனை பிய்த்துக்கொண்டு போனது! அதில் பியானோ வாசித்தவர் ஆந்த்ரே ப்ரெவின். பின்னாளில் அதே நாடகம் சினிமாவானபோது இசையைக் கவனித்து ஆஸ்கர் வாங்கியவரும் அவரேதான்!

ஒரே ஞாயிறு, இரண்டு ஆல்பம்!
1961 ஜூன் 25. நியூயார்க்கின் வில்லேஜ் வான்கார்டு கிளப்பில் பில் இவான்ஸின் மூவர் குழு வாசித்ததை அப்படியே பதிவு செய்தார்கள். இன்றும் ஜாஸ் ரசிகர்கள் தலையில் வைத்துக் கொண்டாடும் இரண்டு ஆல்பங்கள் அதிலிருந்து பிறந்தன. பதினோரே நாளில் பேஸ் கலைஞர் ஸ்காட் லஃபாரோ கார் விபத்தில் இறந்தார், வயது 25! அன்று டிரம்ஸ் வாசித்த பால் மோஷன் பிற்காலத்தில் தானே தலைவராகி, சாக்ஸபோன், கிட்டாரோடு மூவர் குழு நடத்தினார். பியானோவும் கிடையாது, பேஸும் கிடையாது!

தனி ஆவர்த்தனம் அங்கேயும் உண்டு!
நம்மூரில் மிருதங்கமும் கடமும் மாறி மாறி வாசித்து, ஆவர்த்தனத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, கோர்வை வைத்துப் பாட்டின் எடுப்பில் கச்சிதமாக வந்து நிற்கும் அல்லவா? ஜாஸிலும் டிரம்ஸும் மற்றவர்களும் நான்கு நான்கு ‘பார்’களாக (தாளச் சுற்றுகளாக) பங்கு போட்டு வாசிப்பார்கள். பழைய பாட்டுகள் பலவற்றுக்கு 32 பார் கணக்கு. மெட்டு காதில் விழாவிட்டாலும் அந்தக் கணக்கு எல்லார் மனசிலும் ஓடிக்கொண்டே இருக்கும்!

மின்சாரம் வேண்டாத புரட்சி!
எலக்ட்ரிக் கிட்டாரால் உலகையே அதிரவைத்த ஜான் மெக்லாக்லின் அதை ஓரம் வைத்துவிட்டு, ‘சக்தி’ குழுவில் அக்கூஸ்டிக் கிட்டாரை எடுத்தார். எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, ராகவனின் மிருதங்கம், விக்கு விநாயக்ராமின் கடம் சூழ்ந்திருந்தன. முதல் ஆல்பமே மேடையில் பதிவானது, 1975 ஜூலை 5-ல்! டிரம் செட்டே இல்லாமல் மண்பானை தூள் கிளப்பியது!

நமக்குப் பக்கத்து ஸ்டேஷன் கதை!
குப்பத்தில் ரயில் ஏறினால் போய்ச் சேரும் அதே பெங்களூரில், ‘கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன்’ குழுவை நடத்தியவர் மிருதங்க வித்வான் டி.ஏ.எஸ். மணி. அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ நாகஸ்வரமும் வாசித்தவர்; அவர் இவர்களோடு சேர்ந்து 1983-ல் ‘ஜோதி’ ஆல்பம் தந்தார். பாட்டு, மணியின் மனைவி ஆர்.ஏ. ரமாமணி. ஜெர்மனியின் புகழ்பெற்ற ஈசிஎம் நிறுவனம் அதை வெளியிட்டது. பிறகு மேடைப் பதிவு ஒன்றும் வந்தது, பெயரே ‘லைவ்’!

இத்தனையும் தெரிந்த பிறகு ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் காபிக்கு எழுந்து ஓடாதீர்கள். உட்கார்ந்து தாளம் போட்டுப் பாருங்கள்!