கல்லில் நிற்கும் பாட்டும் கருவியில் தோன்றும் பாட்டும்

திருக்கோவலூர் வீரட்டானேசுவரர் ஆலயத்திலே முதலாம் இராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உண்டு. பாரி மகளை மலையனுக்கு உதவியபின் கபிலர் தீப்புகுந்த செய்தியை அது செய்யுளாகவே கூறுகிறது. ஆயிரம் ஆண்டுகளாக அந்தப் பாட்டு வருவோர் போவோர் முன்னே பொதுவிடத்தில் நிற்கிறது. அவ்வெழுத்தை இன்று வாசிக்க வல்லார் எத்தனை பேர்?

இக்குறையைத் தீர்க்கவல்ல வித்தை ஒன்று இப்போது ஜனங்களின் சட்டைப் பைக்குள்ளேயே வந்துவிட்டது. ‘ஆக்மெண்டெட் ரியாலிட்டி’ என்பது அதன் பெயர். மிகைமெய்ம்மை என்று தமிழில் வழங்குவர். கைபேசியின் காமிராவைச் சுவரோவியத்தின் மீதோ கல்லின் மீதோ நீட்டினால், கருவி அதைத் தன் பதிவோடு ஒப்பிட்டு அறிந்துகொண்டு, எழுத்தையும் உருவத்தையும் அதன்மேல் பொருத்திக் காட்டும்; குரலையும் எழுப்பும். பெண்களுக்கு இழைக்கப்படும் கொடுமையைப் பற்றி 2014-ல் வெளிவந்த ‘பிரியாஸ் சக்தி’ என்னும் சித்திரக் கதை இவ்வித்தையைக் கையாண்டது. பம்பாய்ச் சுவர்களில் தீட்டிய அதன் சித்திரங்களும் கைபேசியில் உயிர் பெற்றன. அதை ஆக்கியோருள் ஒருவரான ராம் தேவினேனி கவிதைப் பத்திரிகை நடத்தியவர் என்பது கவனிக்கத்தக்கது.

இங்கே வழக்கறிஞர்க்குரிய சந்தேகம் ஒன்று நம்மை விடமாட்டேன் என்கிறது. அப்பாட்டு யாருடைய சொத்து? அச்சித்திரக் கதைக்குக் கருவி உதவிய ‘பிளிப்பார்’ கம்பெனி 2018 டிசம்பரில் நொடித்தது. பின்னர் வேறு கைக்கு மாறியே பிழைத்தது. சோழ ராஜ்யம் போயும் கல் நிற்கிறது. கம்பெனி போனால் சுவர் ஊமையாகும். 2017-ல் நியூயார்க் பூங்காவில் ‘ஸ்னாப்சாட்’ கம்பெனி ஜெஃப் கூன்ஸ் என்பாரின் சிற்பத்தை இவ்வாறு தோற்றுவித்தபோது, செபாஸ்டியன் எர்ராசுரிஸ் என்னும் கலைஞர் அதே இடத்தில் கிறுக்கல் நிறைந்த நகலொன்றைத் தோன்றச் செய்தார். பொதுவெளியைக் கம்பெனி கட்டணமின்றி ஆள்வதாவது என்பதே அவர் ஆட்சேபம். நியாயமான ஆட்சேபம்தான்!

திருக்கோவலூர் அடங்கிய அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தலில் ஒரு பொதுச் சுவரை இவ்விதம் பாடவைக்க எண்ணும் இளைஞர்க்கு நாம் சொல்வது இதுவே. மலைவாழ் மக்களின் பாடல்களை அவர்கள் சம்மதத்தோடு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்யுங்கள். பதிவு பேரூராட்சியின் அல்லது நூலகத்தின் வசம் இருக்கட்டும். அலைவரிசை கிட்டாத இடத்திலும் அது ஒலிக்கட்டும். விளம்பரம் நுழையக்கூடாது, கேட்பவரின் தொலைபேசி எண்ணைப் பறிப்பதும் கூடாது. முக்கியமாக, பாட்டு முழுவதையும் பெரிய எழுத்தில் சுவரிலே எழுதிவிடுங்கள். சந்தைக்கு இறங்கி வரும் கிழவியிடம் கைபேசி இராது. பேரனை நிறுத்தி வாசிக்கச் சொல்லி அவளும் கேட்பாள்.