காலையில் விரல்கள் மடங்க மறுக்கின்றனவா? வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய கைப் பயிற்சிகள்

புதுடெல்லி: காலையில் எழுந்தவுடன் பற்பசைக் குழாயின் மூடியைத் திருக முடியவில்லை, சட்டைப் பொத்தானைப் போட இரண்டு மடங்கு நேரம் ஆகிறது, தேநீர் டம்ளர் கையிலிருந்து நழுவுகிறது. நாற்பது வயதைக் கடந்தவர்களிடம், குறிப்பாகப் பெண்களிடம், இத்தகைய தொல்லைகள் பரவலாகக் காணப்படுகின்றன. பலர் இதனை வயதின் இயல்பு என்று விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் மருந்துக் கடையில் தாங்களாகவே வலி மாத்திரை வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகின்றனர். இதனால் வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரக்கூடும்.

நாள்தோறும் பத்து நிமிடங்கள் செய்யும் எளிய கைப் பயிற்சிகள் விரல்களின் விறைப்பைத் தளர்த்த உதவும் என்பதற்கு மருத்துவச் சான்றுகள் உள்ளன. அதே சமயம், எல்லா விரல் வலியும் ஒன்றல்ல. சில வலிகளுக்குப் பயிற்சியே மருந்து. சிலவற்றில், பயிற்சி செய்துகொண்டே மருத்துவரைப் பார்க்காமல் இருப்பது மூட்டையே இழக்கச் செய்யும்.

விரல்கள் ஏன் விறைக்கின்றன?

ஒரு கையில் 27 எலும்புகள் உள்ளன. விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் விரல்களுக்குள் இல்லை என்பது பலருக்கும் வியப்பளிக்கலாம். அவை முன்கையிலும் உள்ளங்கையிலும் இருக்கின்றன. அங்கிருந்து புறப்படும் தசைநாண்கள் கயிறுகளைப் போல மணிக்கட்டைக் கடந்து விரல் நுனிவரை செல்கின்றன. பொம்மலாட்டக்காரர் மேலிருந்து நூலை இழுக்கக் கீழே பொம்மை ஆடுவதைப் போல, முன்கைத் தசை சுருங்கும்போது விரல் மடங்குகிறது. இந்தத் தசைநாண்கள் எலும்போடு ஒட்டிச் செல்வதற்காக, வழியில் சிறிய வளையங்கள் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

மூட்டில் வீக்கம் இருந்தாலோ, குருத்தெலும்பு தேய்ந்திருந்தாலோ, தசைநாண் தடித்து வளையத்துக்குள் நழுவ மறுத்தாலோ விரல் விறைக்கும். இரவு முழுவதும் கை அசைவின்றிக் கிடப்பதால் மூட்டைச் சுற்றி நீர் தேங்கி, காலையில் விறைப்பு கூடுதலாகத் தெரிகிறது. வலிக்கிறதே என்று விரலை அசைக்காமல் வைத்திருந்தால், மூட்டைச் சுற்றியுள்ள திசுக்கள் சுருங்கி விறைப்பு மேலும் அதிகரிக்கும். இந்தச் சுழலை உடைப்பதே பயிற்சியின் நோக்கம்.

கடிகாரம் சொல்லும் செய்தி

காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது மருத்துவர்கள் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று. மூட்டுத் தேய்மானத்தில் விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும். இது விரலின் நுனி மூட்டுகளையும் நடு மூட்டுகளையும் கட்டைவிரலின் அடிப்பகுதியையும் தாக்குவது வழக்கம். நாளடைவில் அந்த மூட்டுகளில் கெட்டியான புடைப்புகள் தோன்றலாம். மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது அதிகம்.

முடக்குவாதம் முற்றிலும் வேறானது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய் இது. இதில் காலை விறைப்பு ஒரு மணி நேரம், சில வேளைகளில் அதற்கு மேலும் நீடிக்கும். விரல்களின் அடிக் கணுக்கள், நடு மூட்டுகள், மணிக்கட்டுகள் ஆகியவை பெரும்பாலும் இரண்டு கைகளிலும் ஒருசேர வீங்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும். முடக்குவாதம் முதியவர்களுக்கு மட்டுமே வரும் என்ற எண்ணம் தவறு. முப்பது வயதிலும் அது தொடங்கலாம். மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை முதல் சில மாதங்களுக்குள் தொடங்கினால் மூட்டுச் சிதைவைப் பெருமளவு தடுக்க முடியும். சிதைந்த பிறகு எந்தப் பயிற்சியாலும் மூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலாது.

நீரிழிவு, சிக்குன்குனியா: கவனிக்கப்படாத காரணங்கள்

இந்தியாவில் விரல் விறைப்பைப் பற்றிப் பேசும்போது நீரிழிவை ஒதுக்கிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் அதிகமானோர் நீரிழிவுடன் வாழ்வதாக மதிப்பிட்டது. நீண்ட காலம் சர்க்கரை அளவு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு விரல்களின் தோலும் தசைநாண் உறைகளும் தடித்து, விரல்கள் முழுமையாக நீள்வதில்லை. இதில் வலி அதிகம் இருக்காது என்பதால் பலர் கவனிப்பதில்லை.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். வணக்கம் சொல்வதைப் போல இரு கைகளையும் கூப்ப வேண்டும். உள்ளங்கைகளும் விரல்களும் இடைவெளியின்றி ஒட்டினால் கவலையில்லை. விரல்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால், கூப்பிய கை முழுமையாக மூடவில்லையென்றால், சர்க்கரை அளவைப் பரிசோதிப்பது நல்லது. கண், சிறுநீரகம் போன்ற உறுப்புகளில் பாதிப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் இது ஒரு முன்னறிவிப்பாக அமையும்.

விரலை மடக்கினால் ‘டக்’ என்று மாட்டிக்கொண்டு, பின்னர் விசையோடு விடுபடும் ‘டிரிகர் ஃபிங்கர்’ பாதிப்பும் நீரிழிவாளர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. தடித்த தசைநாண் வளையத்துக்குள் சிக்குவதே இதற்குக் காரணம்.

சிக்குன்குனியா மற்றொன்று. நீண்ட இடைவெளிக்குப் பிறகு 2005-ன் பிற்பகுதியில் ஆந்திரா, கர்நாடகா, மகாராஷ்டிரா உள்ளிட்ட மாநிலங்களில் இக்காய்ச்சல் மீண்டும் தலைதூக்கியது. அதற்குப் பிறகு பல ஆண்டுகள் பல்வேறு மாநிலங்களில் பரவி வந்துள்ளது. காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கினாலும், விரல், மணிக்கட்டு, கணுக்கால் மூட்டுகளில் வலியும் விறைப்பும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிப்பதுண்டு. கூலி வேலை, தையல், நெசவு என்று கையை நம்பிப் பிழைப்பவர்களுக்கு இது வருமானத்தையே பாதிக்கும் சிக்கல்.

ஆய்வுகள் கூறுவது என்ன?

கைப் பயிற்சி பற்றிய முக்கியமான ஆய்வு ‘சாரா’ என்ற பெயரில் இங்கிலாந்தில் நடந்தது. முடக்குவாதத்தால் கை பாதிக்கப்பட்ட 490 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் அளிக்கப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு அத்துடன் மூட்டை அசைக்கும் 7 பயிற்சிகளும், வலுவூட்டும் 4 பயிற்சிகளும் கற்றுத்தரப்பட்டன. ஓராண்டுக்குப் பிறகு, பயிற்சி செய்தவர்களின் கைச் செயல்பாடு மற்றவர்களைவிட நன்றாக மேம்பட்டிருந்தது. முடிவுகள் 2015-ல் ‘லான்செட்’ இதழில் வெளியாகின.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. செயல்பாடு மேம்பட்டதே தவிர, வலி குறைவதில் இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பயிற்சி செய்தவர்களுக்கு வலி கூடிவிடவும் இல்லை. மூட்டுத் தேய்மானத்துக்கான பயிற்சிகள் குறித்து 7 ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும், வலி, விறைப்பு, செயல்பாடு ஆகியவற்றில் சிறிய அளவிலான பலனையே காட்டியது. பயிற்சியைத் தொடராதபோது பலன் நிலைக்கவில்லை. ஆகவே, ‘ஒரே வாரத்தில் வலி பறந்துவிடும்’ என்று கைப்பேசியில் வலம்வரும் காணொலிகளின் வாக்குறுதியை நம்பத் தேவையில்லை. கை மீண்டும் வேலைக்கு உதவும் என்பதே பயிற்சி தரும் நம்பிக்கை. அதுவே சிறிய பலன் அல்ல.

முதலில் வெந்நீர்

பயிற்சிக்கு முன் கைகளை ஐந்து முதல் பத்து நிமிடங்கள் வெதுவெதுப்பான நீரில் வைத்திருந்தால் விரல்கள் இளகும். நீருக்குள் இருக்கும்போதே மெதுவாக விரல்களை மடக்கி நீட்டலாம். நீரிழிவால் கையில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூடு தெரியாமல் கொப்புளம் ஏற்படுத்திக்கொள்ளும் அபாயம் உண்டு என்பதால், வீட்டில் உள்ள வேறொருவர் நீரின் சூட்டைத் தொட்டுப் பார்ப்பது பாதுகாப்பானது. மூட்டு சிவந்து, சூடாக வீங்கியிருக்கும் நாட்களில் வெந்நீர் வேண்டாம். துணியில் சுற்றிய பனிக்கட்டி ஒத்தடம் அப்போது இதமளிக்கும்.

தசைநாண்களை நழுவச் செய்யும் பயிற்சி

கைப் பயிற்சிகளில் அதிகம் பயன்தருவது இதுதான். நேரம் குறைவாக உள்ளவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது செய்யலாம். முழங்கையை மேசைமீது ஊன்றி, விரல்களை நேராக மேல்நோக்கி நீட்ட வேண்டும். அடிக் கணுக்கள் நேராக இருக்க, நடு மூட்டையும் நுனி மூட்டையும் மட்டும் மடக்கிக் கொக்கிபோல் வளைக்க வேண்டும். மீண்டும் நேராக நீட்டி, அடுத்து விரல்களை முழுமையாக மடக்கி மென்மையான முஷ்டி பிடிக்க வேண்டும். மறுபடியும் நீட்டி, இம்முறை விரல்களை நேராக வைத்தபடி அடிக் கணுவில் மட்டும் மடக்கி, மேசைப் பலகைபோல் கிடைமட்டமாகக் கொண்டுவர வேண்டும். அங்கிருந்து விரல் நுனிகள் உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தொடும்படி நடு மூட்டுகளை மடக்க வேண்டும்.

ஒவ்வொரு நிலையிலும் மூன்று முதல் ஐந்து நொடிகள் நிறுத்தலாம். முஷ்டியை இறுக்கிப் பிழியக் கூடாது. முழுமையாக மடங்காத விரலை மறு கையால் வலுக்கட்டாயமாக அழுத்தவும் கூடாது. இன்று எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு போதும்.

கட்டைவிரலுக்கும் பிற விரல்களுக்கும்

கையின் பயன்பாட்டில் பெரும்பங்கு கட்டைவிரலுக்கு உரியது. கட்டைவிரல் நுனியால் ஆள்காட்டி விரல் தொடங்கிச் சுண்டு விரல்வரை ஒவ்வொன்றின் நுனியையும் தொட வேண்டும். ஒவ்வொரு முறையும் விரல்கள் சேர்ந்து வட்டமாகத் தெரிய வேண்டும். தட்டையாக அமுங்கக் கூடாது.

உள்ளங்கையை மேசைமீது கவிழ்த்து வைத்து, விரல்களை இயன்றவரை விரித்துச் சேர்ப்பதும், ஒவ்வொரு விரலாகத் தனித்தனியே மேலே உயர்த்தி இறக்குவதும் எளிதானவை. முடக்குவாதத்தில் விரல்கள் நாளடைவில் சுண்டு விரல் பக்கமாகச் சாய்வதுண்டு. அத்தகையோர் அதே நிலையில், ஆள்காட்டி விரல் தொடங்கி ஒவ்வொரு விரலையும் கட்டைவிரல் பக்கமாக நகர்த்திச் செல்லும் பயிற்சியைச் செய்யலாம். இறுதியாக மணிக்கட்டை இரு திசைகளிலும் மெதுவாகச் சுழற்ற வேண்டும்.

தொடக்கத்தில் ஒவ்வொன்றையும் ஐந்து முறை, காலையும் மாலையும் செய்தால் போதும். சிரமமில்லை என்றால் வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் கூட்டிப் பத்தாக்கலாம். பயிற்சிக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்தும் வலி அடங்கவில்லை என்றால், செய்தது அதிகம் என்று பொருள்; மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும்.

பந்தைப் பிழிவது எல்லோருக்கும் ஏற்றதல்ல

கைவலி என்றவுடன் ரப்பர் பந்து வாங்கிப் பிழியத் தொடங்குவது பரவலான பழக்கம். பிடிமானத்துக்கு வலுவூட்ட இது உதவும் என்றாலும், டிரிகர் ஃபிங்கர் உள்ளவர்களுக்குத் தொடர்ந்து இறுக்கிப் பிடிப்பது சிக்கலைத் தீவிரமாக்கும். கட்டைவிரல் அடி மூட்டு தேய்ந்தவர்களும், மூட்டு வீங்கியிருப்பவர்களும் அதைத் தவிர்ப்பதே நல்லது. வலுவூட்டும் பயிற்சி தேவைப்படுவோர் மென்மையாகப் பிசைந்த சப்பாத்தி மாவு உருண்டையைக் கொண்டு தொடங்கலாம். மாவு விரலுக்கு இணங்கிக் கொடுக்கும். பந்து எதிர்த்து நிற்கும்.

அன்றாட வேலைகளிலும் சில மாற்றங்கள் தேவை. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதற்குப் பதிலாக, குழாயில் சுற்றி இரு முனைகளையும் சேர்த்து முறுக்கினால் விரல்களுக்குப் பளு குறையும். கரண்டி, கத்தி ஆகியவற்றின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கலாம். கைப்பேசியில் ஒரே கட்டைவிரலால் தட்டச்சு செய்வதைக் குறைக்கலாம்.

விரல்களில் நெட்டி முறித்தால் மூட்டுவாதம் வரும் என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பதுண்டு. அமெரிக்க மருத்துவர் டொனால்ட் அங்கர், ஐம்பது ஆண்டுகள் இடது கையில் மட்டும் நெட்டி முறித்துப் பார்த்து, இரு கைகளிலும் மூட்டுவாதம் இல்லை என்று 1998-ல் எழுதினார். அதற்காக 2009-ல் அவருக்கு நகைச்சுவையான ‘இக் நோபல்’ பரிசும் கிடைத்தது. ஒருவரின் கையை வைத்து அறிவியல் முடிவுக்கு வர இயலாது என்றாலும், நெட்டி முறிப்பதற்கும் மூட்டுவாதத்துக்கும் தொடர்பு இருப்பதாக இதுவரை நிறுவப்படவில்லை.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, மூட்டு வீக்கமும் சில வாரங்கள் தொடர்ந்தால் தாமதிக்கக் கூடாது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்துப்போய்த் தூக்கத்தைக் கெடுத்தால், மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படும் ‘கார்பல் டனல்’ பாதிப்பாக இருக்கலாம். அடிபட்ட பிறகு விரல் மடங்காமல் போனாலும், விரல் மாட்டிக்கொண்டு விடுபட மறுத்தாலும் மருத்துவ ஆலோசனை அவசியம். முள் குத்தியோ விலங்கு கடித்தோ விரல் முழுவதும் சிவந்து வீங்கி, நீட்டும்போது தாங்க முடியாத வலி ஏற்பட்டால், அல்லது காய்ச்சலுடன் ஒரு மூட்டு மட்டும் திடீரென வீங்கினால், அது தொற்றாக இருக்கக்கூடும். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முடக்குவாதம் என்ற ஐயம் இருந்தால் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சி.சி.பி. ஆகிய ரத்தப் பரிசோதனைகளும் கைகளின் எக்ஸ்ரேயும் பரிந்துரைக்கப்படும். தொடக்க நிலையில் இவை இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று உறுதியாகக் கூற முடியாது. மருத்துவர் மூட்டைத் தொட்டுப் பார்த்து அறிவதற்கே முதலிடம். வீக்கம் காலையில் தெரிந்து, மருத்துவரைச் சந்திக்கும் நண்பகலுக்குள் வடிந்துவிடுவதும் உண்டு. எனவே, எழுந்தவுடன் இரு கைகளையும் ஒருசேர வைத்துக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வதும், விறைப்பு தளர எத்தனை நிமிடங்கள் ஆகின்றன என்பதை ஒரு வாரம் குறித்து எடுத்துச் செல்வதும் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.