கங்காருவின் பூர்வீகம்: கணுக்கால் தரும் சாட்சி

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் முர்கன் என்றொரு சிற்றூர். அதன் அருகே களிமண்ணில் கிடைத்த பற்களை வைத்து, 1999இல் ஒரு சிறு பிராணிக்கு ஜார்தியா முர்கோனென்சிஸ் என்று பெயர் சூட்டினார்கள். சுண்டெலி அளவுதான் இருக்கும். வயதோ சுமார் 5.5 கோடி ஆண்டு. ஆஸ்திரேலியாவில் கிடைத்த பைப்பாலூட்டிகளில் இதுதான் மூத்தது.

பாலூட்டிகளின் ஜாதகத்தைப் பல்லில் படிப்பது வழக்கம். தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் முன்கடைவாய்ப் பல் மூன்று, கடைவாய்ப் பல் நான்கு என்பது பைப்பாலூட்டிகளின் அடிப்படைக் கணக்கு. ஆனால் ஜார்தியாவின் பல் மிகப் பழைய பாணி. தென் அமெரிக்காவின் ஒபோசம் என்ற பைப்பாலூட்டிகளுக்கு உறவா, கங்காரு வம்சத்துக்கு உறவா என்பதை அதை வைத்துத் தீர்க்க முடியவில்லை.

2008இல் தீர்த்துவைத்தது கணுக்கால். அங்கே ஒன்றன்மேல் ஒன்றாக அமரும் இரண்டு எலும்புகள் உண்டு. அவை உரசும் பரப்பு ஒபோசம்களுக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும். ஆஸ்திரேலியப் பைப்பாலூட்டிகளுக்கு ஒன்றாக இணைந்திருக்கும். ஜார்தியாவுக்கும் இணைந்தே இருந்தது. சில மில்லிமீட்டர் எலும்பில் இவ்வளவு செய்தி!

இந்த வேறுபாட்டை 1982இலேயே எடுத்துக்காட்டியவர் பிரெடெரிக் சலாய் என்ற ஆய்வாளர். சிலியிலும் அர்ஜென்டினாவிலும் மரமேறித் திரியும் மோனிட்டோ டெல் மோன்டே என்ற பைப்பாலூட்டிக்கும் ஆஸ்திரேலியக் கணுக்கால்தான் என்றார் அவர். நடுவில் ஒரு பெருங்கடல் கிடக்கிறதே? ஜார்தியா வாழ்ந்த காலத்தில் தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா மூன்றும் தொடர்பில் இருந்தன. அண்டார்டிகாவில் காடு இருந்தது. அதே 1982இல் அண்டார்டிகாவின் சீமோர் தீவிலிருந்து பைப்பாலூட்டிப் புதைபடிவம் அறிவிக்கப்பட்டது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல்.

இன்னும் பின்னால் போனால் தடம் மங்குகிறது. சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்த, 12.5 கோடி ஆண்டு வயதுடைய சினோடெல்ஃபிஸைப் பைப்பாலூட்டிக் கிளையின் மூத்த உறுப்பினர் என்று 2003இல் கொண்டாடினார்கள். 2018இல் வந்த ஆய்வு அதை நஞ்சுக்கொடிப் பாலூட்டிகளின் பக்கம் தள்ளிவிட்டது. அதைக் கழித்துவிட்டால், அமெரிக்காவின் யூட்டாவில் கிடைத்த, சுமார் 10 கோடி ஆண்டுப் பழைய கோகோபெல்லியா போன்றவை முன்னுக்கு வருகின்றன.

ஆஸ்திரேலியாவிலும் பெரிய ஓட்டை இருக்கிறது. முர்கனுக்கு அடுத்து அங்கே நல்ல பைப்பாலூட்டிப் புதைபடிவங்கள் கிடைப்பது சுமார் 2.5 கோடி ஆண்டுக்கு முந்தைய பாறைகளில். அதற்குள் கங்காரு, கோவாலா குடும்பங்கள் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன. அந்த மூன்று கோடி ஆண்டு இடைவெளியை நிரப்பும் பாறைகளைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறார்கள்.