ஆடுகளின் புழுநோயும் இலைத் தீவனமும்

பெங்களூரு அடுகோடியில் 1995-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசியக் கால்நடை ஊட்டச்சத்து, உடலியக்க ஆராய்ச்சி நிறுவனம், டானின் எனப்படும் துவர்ப்புப் பொருளைத் தீவனத்தில் பயன்படுத்தும் வழிகளை ஆராய்ந்துள்ளது. மாடுகளும் ஆடுகளும் வெளியிடும் மீத்தேன் வாயுவைக் குறைப்பதற்கென அது உருவாக்கிய ‘ஹரித் தாரா’ டானின் மிகுந்த தாவரப் பொருள்களால் ஆனது. இதே டானின் ஆடுகளின் புழுத் தொல்லையையும் தணிக்க வல்லது.

அப்புழுக்களுள் கொடியது ஹீமாங்கஸ். ஆட்டின் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுவது. ஒரு புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மி.லி. இரத்தத்தை வீணாக்கும்; ஆயிரம் புழுக்கள் இருப்பின் 50 மி.லி. கண்ணிமை வெளிறும், தாடைக்கடியில் நீர் கோக்கும், குட்டிகள் மடியும். தமிழ்நாட்டில் 2011-இல் தொடங்கப்பெற்ற விலையில்லா ஆடுகள் திட்டத்தில் ஓர் ஏழைப் பெண்ணுக்கு 4 ஆடுகள் வழங்கப்பட்டன. அவற்றுள் ஒன்று இறப்பினும் மூலதனத்தில் கால் பங்கு போயிற்று.

மருந்து இல்லாமலில்லை. தயாபெண்டசோல் 1961-இல் விற்பனைக்கு வந்தது. 1964-லேயே அதற்கு மடியாத புழுக்கள் அறியப்பட்டன. மந்தை முழுவதற்கும் அடிக்கடி மருந்து புகட்டினால் மருந்தைத் தாங்கும் புழுக்கள் மட்டுமே எஞ்சி, அவற்றின் முட்டைகளே புழுக்கையோடு மேய்ச்சல் நிலத்தை நிரப்பும். முகாம்களில் புகட்டிய மருந்தின் அளவையே சாதனையாகக் கணக்கிடும் வழக்கம் இவ்வகையில் ஆபத்தானது.

டானின் செயற்படும் முறை வேறு. அது புழுக்களை அடியோடு ஒழிப்பதில்லை. அவற்றின் முட்டையிடுதலையும் முட்டையிலிருந்து இளம்புழு வளர்வதையும் குறைக்கிறது. இரைப்பையின் முதற்பகுதியில் புரதம் வீணே சிதையாமல் காப்பதால், இரத்தம் இழந்த ஆட்டுக்குக் கூடுதல் ஊட்டமும் கிடைக்கிறது. உத்தரப்பிரதேசத்து இஜத்நகரிலுள்ள இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தார் அத்தியினத்து மர இலைத்தூளைத் தீவனத்தில் கலந்து அளித்தபோது புழுக்கையில் முட்டைகள் குறைந்தன. ஆனால் அளவு மிகுமாயின் ஆடு தீவனத்தை வெறுக்கும், செரிமானமும் கெடும். எனவே ‘மூலிகைதானே’ என்று கண்டபடி அளிப்பது தவறு. மேலும் இலை இலவசமாயினும் தழை ஒடித்துக் கொணரும் உழைப்பு இலவசமன்று. திட்ட மதிப்பீடுகளில் பெரும்பாலும் பெண்களின் இவ்வுழைப்பு இடம்பெறுவதில்லை.

இலைத் தீவனம் மருந்துக்கு மாற்றன்று. மருந்தின் தேவையைக் குறைப்பது. தென்னாப்பிரிக்காவில் உருவான முறைப்படி, கீழ்க்கண்ணிமையின் நிறத்தை வண்ண அட்டையுடன் ஒப்பிட்டு, வெளிறிய ஆடுகளுக்கு மட்டும் மருந்து புகட்டலாம். ஏனைய ஆடுகளுக்கு இலை போதும். அவற்றிடம் எஞ்சும் புழுக்கள் மருந்துக்கு மடியும் இனமாகவே பெரிதும் நீடிக்கும்.