காவல் நாயைப் பேணலும் விசர்நோயைத் தடுத்தலும்

கமக்காரர் தமது வளவில் உள்ள மாட்டையும் ஆட்டையும் கோழியையும் ஓரளவு கவனித்தே வளர்க்கின்றனர். பால் குறைந்தாலும் முட்டை குறைந்தாலும் உடனே காரணத்தைத் தேடுகின்றனர். ஆனால் இரவு முழுவதும் படலையடியிற் காவல் கிடக்கும் நாய்க்கு எஞ்சிய சோற்றைவிட வேறெதுவும் வேண்டும் என்று பலர் எண்ணுவதில்லை. மரநாயும் நரியும் கோழிக்கூட்டை அணுகாமலும், கட்டாக்காலி மாடுகள் பயிரை மேயாமலும் காக்கும் இப்பிராணியின் உழைப்பைப் பணத்தால் அளக்க இயலாமையே அதற்குக் காரணம் போலும்.

கவனிப்பாரற்ற நாயால் வரும் தீங்கு காவல் குன்றுவதோடு நின்றுவிடுவதில்லை. வீட்டாரின் உயிருக்கும் அதனால் ஆபத்து நேரலாம். இலங்கையில் 1973ஆம் ஆண்டில் 377 பேர் விசர்நோயால் இறந்தனர். நாய்களுக்கு ஊசி மருந்து ஏற்றியதனாலும், கடியுண்டோர் காலந் தாழ்த்தாது சிகிச்சை பெற்றதனாலும் அத்தொகை பின்னர் பெரிதும் குறைந்தது. எனினும் இந்நோய் நம் நாட்டை விட்டு இன்னும் முற்றாக நீங்கவில்லை. நாயின் நாளாந்த வழக்கங்களை நன்கறிந்த வீட்டாரே அதன் நோயை முதலில் அறிய வல்லவர். ஆகவே நாயின் குணம், உணவு, நோய் என்பவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஈண்டு நோக்குவோம்.

குணத்தை அறிதல்

நாய் வாய் திறந்து பேசாவிடினும், தன் எண்ணத்தை உடலாற் காட்டுகின்றது. அச்சமுற்ற நாய் வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்கி, காதுகளைப் பின்னே சாய்த்து, கண்ணின் வெண்மை தெரியப் பார்க்கும். கடிக்க எண்ணும் நாய் உடலை விறைத்து, முதுகு மயிரைச் சிலிர்த்து, உதட்டைச் சுருக்கிப் பல்லைக் காட்டும். உறுமல் ஓர் எச்சரிக்கை. உறுமியதற்காக நாயை அடித்தால், அது பின்னர் உறுமாமலே கடிக்கப் பழகும்.

பெரும்பாலான கடிகள் அயல் நாய்களாலன்றிப் பழகிய நாய்களாலேயே நேர்வதும், சிறுவரே அவற்றுக்கு மிகுதியாக ஆளாவதும் கவனிக்கத் தக்கன. உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி ஈன்ற நாயையும் தொடலாகாது என்று பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே கற்பியுங்கள். அறியாத நாய் எதிர்ப்பட்டால் ஓடாமலும், அதன் கண்ணை உற்று நோக்காமலும், கைகளைத் தொங்கவிட்டு அசையாது நிற்றல் வேண்டும்.

குட்டி பிறந்த மூன்றாம் கிழமை முதல் மூன்று மாதம் வரையுள்ள காலம் அதன் குணம் அமையும் காலமாகும். இக்காலத்தில் வீட்டார் கைபட்டு, பலவகை மனிதரையும் ஆடு மாடு கோழிகளையும் கண்டு பழகிய குட்டி, வளர்ந்த பின்னர் காரணமின்றிச் சீறுவதில்லை. இரவும் பகலும் சங்கிலியிற் கிடக்கும் நாய் நல்ல காவல் நாயாகும் என்பது தவறான எண்ணம். அது வெறுப்பும் வெருட்சியும் கொண்டு, அகப்பட்டவரைக் கடிக்கும் இயல்பை அடையும். வேலியைச் செம்மையாக அடைத்து, இரவில் வளவினுள்ளே அவிழ்த்து விடுவதே சிறந்த முறையாகும்.

உணவு

வெறுஞ் சோறும் குழம்பும் உண்ணும் நாய் வயிறு நிறைந்திருப்பினும் மெலிந்தே காணப்படும். தசையை வளர்க்கும் புரதம் அவ்வுணவிற் போதாமையே இதற்குக் காரணம். சுமார் 15 கிலோகிராம் நிறையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குக் கீழ்க்கண்ட அளவு பெரும்பாலும் போதுமானது.

வெந்த சோறு - 300 கிராம்
அவித்த மீன் அல்லது இறைச்சி - 250 கிராம்
அவித்த பூசணி அல்லது கீரை - ஒரு பிடி
தேங்காயெண்ணெய் - ஒரு மேசைக்கரண்டி

இதனை இரு வேளையாகப் பிரித்துக் கொடுக்க. விலை குறைந்த சூடை, நெத்தலி போன்ற சிறு மீன்களை முள் மெதுவாகும்வரை நன்கு அவித்துக் கொடுத்தால் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் சேரும். மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு நாளுக்கு நான்கு முறையும், ஆறு மாதம் வரை மூன்று முறையும் உணவளித்தல் வேண்டும். கையால் தடவும்போது விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். கண்ணுக்குத் துருத்தித் தெரியலாகாது. இதுவே அளவு சரியா என அறியும் எளிய வழி.

சமைத்த கோழியெலும்பு உடைந்து கூராகிக் குடலைக் கிழிக்கும். வெங்காயம் சேர்ந்த கறி நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். திராட்சையும் சொக்கிலேற்றும் அதற்கு நஞ்சு. அறுத்த ஆட்டின் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக எறிவதால் புழுக்கள் நாய்க்கும் அதன்வழி வீட்டாருக்கும் பரவும். குடிநீர் எப்போதும் நிழலில் இருத்தல் வேண்டும்.

புழுவும் உண்ணியும்

வட்டப்புழுவும் கொழுக்கிப் புழுவும் குட்டிகளை அழிப்பவற்றுள் முதன்மையானவை. வட்டப்புழு தாயின் வயிற்றிலிருக்கும்போதே குட்டியைச் சேர்ந்துவிடும். கொழுக்கிப் புழு குடலைப் பற்றி இரத்தத்தைக் குடிக்கும். வயிறு பருத்து, முரசு வெளிறி, மலம் கருத்துக் காணப்படும் குட்டியைத் தாமதியாது மிருக வைத்தியரிடம் காட்டுக. கொழுக்கிப் புழுவின் ஓரினம் இலங்கையிற் பிடிபட்ட புனுகுப் பூனையொன்றிலிருந்து 1911ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டு, இந்நாட்டின் பெயராலேயே வழங்கப்படுகின்றது. அது நாயிலும் வாழும்; மனிதரையும் பற்றும். ஆகவே நாயின் மலத்தை நாடோறும் அள்ளிப் புதைத்து, பிள்ளைகள் வெறுங்காலோடு விளையாடும் முற்றத்தைத் துப்புரவாக வைத்திருங்கள். குட்டிக்கு இரண்டாம் கிழமையிலிருந்து மூன்று மாதம் வரை இரு கிழமைக்கொரு முறையும், வளர்ந்த நாய்க்கு மூன்று மாதத்துக்கொரு முறையும் வைத்தியர் கூறும் அளவிற் புழு மருந்து கொடுத்தல் நன்று.

உண்ணி நாயின் இரத்தத்தைக் குடிப்பதோடு உண்ணிக் காய்ச்சலையும் பரப்பும். இரத்தம் குடித்த பெண் உண்ணி நாயை விட்டிறங்கி, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடும். ஆதலால் நாயை மட்டும் சுத்தஞ் செய்து பயனில்லை. அது படுக்கும் சாக்கை வெயிலிற் காயவிட்டு, சுவர் வெடிப்புகளையும் பூசி அடைத்தல் வேண்டும். பயிருக்குத் தெளிக்கும் நஞ்சை உண்ணிக்காக நாயின்மேற் பூசுவோர் சிலர் உளர். இதனால் நாய் சில மணி நேரத்தில் இறப்பதுண்டு, பூசியவரும் நஞ்சூட்டப்படலாம். மனிதருக்குரிய காய்ச்சல் மாத்திரைகளையும் நாய்க்குக் கொடாதீர்கள்.

விசர்நோயின் குறிகள்

விசர்நோய்க் கிருமி நோயுற்ற பிராணியின் உமிழ்நீரில் உள்ளது. கடியாலும், கீறலாலும், புண்பட்ட தோலை நக்குவதாலும் அது உடலுட் செல்லும். நாய்களேயன்றிப் பூனை, கீரி, நரி, மரநாய் என்பனவும் இந்நோயைக் கொண்டிருக்கலாம். கடியுண்ட நாயில் நோய் வெளிப்படப் பொதுவாகச் சில கிழமை முதல் சில மாதம் வரை செல்லும்.

முதற்குறி வழக்கம் மாறுவதே. அன்பான நாய் ஒதுங்கி இருட்டிற் பதுங்கும். ஒதுங்கி வாழும் நாய் வலிய வந்து ஒட்டும். குரல் மாறும். மரத்தையும் கல்லையும் கடிக்கும். நோக்கமின்றி அலையும். சில நாய்கள் வெறி காட்டாமலே தாடை தொங்கி, உமிழ்நீர் வடித்து, நடை தளர்ந்து இறக்கும். இத்தகைய நாயைக் கண்டோர், தொண்டையில் எலும்பு சிக்கியது எனக் கருதி வாயினுள்ளே கையை விடுவதுண்டு. இது உயிருக்கு இறுதியாக முடியக்கூடிய செயல். விசர்நாய் கடித்த மாடும் இவ்வாறே விழுங்க இயலாது வாயால் நீர் வடிக்கும். அதன் வாயினுள்ளும் கையை இடாதீர்கள்.

நீர்வெறுப்பு நோய் என்னும் பெயரைக் கேட்டு, நீரருந்தும் நாய்க்கு விசர் இல்லை என்று நம்புவோர் பலர். நீரைக் கண்டு அஞ்சுதல் மனிதரிடத்தே காணப்படும் குறியாகும். விசர்கொண்ட நாய் நீரை அணுகும், நாவையும் நனைக்கும். ஆகவே இச்சோதனையை நம்பியிருத்தல் கூடாது.

கடித்தவுடன் செய்ய வேண்டியவை

1. காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவுக. குழாய் இல்லையெனில் கிணற்று நீரை இடைவிடாது ஊற்றுக.

2. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எண்ணெய் முதலியவற்றைப் பூசற்க. மந்திரித்தலும் கல் வைத்தலும் இந்நோயைத் தடுக்கமாட்டா.

3. அன்றே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்க. சிறு கீறல்தானே, குட்டிதானே, ஊசி போட்ட நாய்தானே என்று வீட்டிலிருந்து முடிவு செய்யற்க. ஊசி வேண்டுமா என்பதை வைத்தியரே தீர்மானிப்பார். தொடங்கிய ஊசிகளை அவர் கூறும் வரை நிறுத்தலாகாது.

4. கடித்த நாயைக் கொல்லாமல், இயலுமாயின் பாதுகாப்பாகக் கட்டிப் பதினான்கு நாட்கள் அவதானிக்க. அதன் நிலை மாறினாலோ, அது இறந்தாலோ, காணாமற் போனாலோ உடனே வைத்தியருக்கு அறிவிக்க.

5. நாய் இறந்தால் வெறுங்கையாற் தொடாது, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ அறிவிக்க. அதன் தலையைச் சோதித்து நோயை உறுதி செய்ய முடியுமாதலால், அவர்களைக் கேளாது புதைக்கற்க.

நோய்க்குறி மனிதரிடத்தே தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தல் மிக அரிது. அதற்கு முன்னர் முறையாகச் சிகிச்சை பெற்றவரோ பெரும்பாலும் காப்பாற்றப்படுவர். எனவே கடியுண்ட நாளிற் செய்வதே உயிரைக் காக்கும்.

தடுக்கும் வழி

ஆண்டுதோறும் நாய்க்கு விசர்நோய்த் தடுப்பூசி போடுவித்து, அத்தாட்சிப் பத்திரத்தைப் பத்திரமாக வையுங்கள். மூன்று மாதம் நிரம்பாத குட்டியாயினும் மிருக வைத்தியரிடம் கொண்டு சென்று, அவர் குறிக்கும் நாட்களில் மறு ஊசியும் போடுவியுங்கள். வேண்டாத குட்டிகளைச் சந்தையடியிலும் கோயில் வீதியிலும் விட்டுவருதல் நோயை ஊருக்கு விதைப்பதற்கு ஒப்பாகும். பெண் நாய்க்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தால் அத்தொல்லை நேராது.

நாடோறும் உணவு வைக்கும்போது நாயின் கண், நடை, குரல், உண்ணும் விதம் ஆகியவற்றை ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். நேற்றிருந்ததற்கு இன்று மாறுதல் காணப்படின் பிள்ளைகளை விலக்கி, நாயைத் தனிமைப்படுத்தி, மிருக வைத்தியரை நாடுங்கள். உங்கள் வளவைக் காக்கும் நாய்க்கு நீங்கள் அளிக்கும் அந்த ஒரு நிமிடம் உங்கள் குடும்பத்துக்கும் காவலாகும்.