ஹோபி 16 படகின் பராமரிப்பும் சீரமைப்பும்

ஹோபி 16 என்பது இரண்டு மிதவைகளைக் கொண்ட சிறிய பாய்மரப் படகு ஆகும். கலிபோர்னியாவைச் சேர்ந்த அலைச்சறுக்குப் பலகை வடிவமைப்பாளர் ஹோபி ஆல்ட்டர் (1933–2014) இதனை 1970ஆம் ஆண்டையொட்டி உருவாக்கினார். இதன் நீளம் ஏறத்தாழ 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர்; எடை 145 கிலோகிராம். பொதுவாக இருவர் இதனைச் செலுத்துவர்.

இவ்வகைப் படகைக் குறிக்கும் கட்டமரன் என்னும் ஆங்கிலச் சொல், தமிழின் கட்டுமரத்தில் இருந்து பிறந்தது. எனினும் மரங்களைப் பிணைத்துக் கட்டும் கட்டுமரம் வேறு, இது வேறு. இரட்டை மிதவை அமைப்பு பசிபிக் தீவினரின் மரபாகும்.

சமநிலை

இப்படகில் பக்கவாட்டு நகர்வைத் தடுக்கும் நடுப்பலகை கிடையாது. அதன் வேலையை மிதவைகளின் வடிவமே செய்கிறது: வெளிப்புறம் தட்டையாகவும் உட்புறம் வளைந்தும் இருக்கும். ஆகவே மாற்றியமைக்கக்கூடியவை பாய்மரத்தின் சாய்வும் சுக்கானும் மட்டுமே எனலாம்.

பாய்மரத்தைப் பின்னோக்கிச் சாய்த்தால் காற்றழுத்த மையம் பின்னால் நகரும். அணியம் நீரில் புதைந்து படகு குப்புறக் கவிழும் வாய்ப்பு இதனால் குறையும். ஆனால் படகு காற்று வரும் திசைக்குத் திரும்ப முயலும். சுக்கான் பிடி கனக்கும். பக்கக் கம்பிகளின் அடியில் உள்ள துளைத் தகடுகளைக் கொண்டு சாய்வு மாற்றப்படுகிறது. இருபுறமும் ஒரே துளையில் பூட்டுதல் வேண்டும்.

பிடி கனத்தால் பாய்மரத்தைக் குறை கூறுவோர் பலர். உண்மையில் சுக்கான் அலகு முழுவதும் கீழிறங்காமல் பின்னோக்கிச் சாய்ந்து நிற்பதே பெரும்பாலும் காரணம். அலகு செங்குத்தாகவோ, அடிமுனை சற்று முன்னோக்கியோ இருந்தால் பிடி இலகுவாகும். இரு அலகுகளும் ஏறக்குறைய இணையாக இருத்தல் அவசியம்.

கம்பிகள்

பாய்மரத்தைத் தாங்கி நிற்பவை துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகள். இவற்றில் ஓர் இழை அறுந்திருந்தாலும் கம்பியை மாற்றிவிட வேண்டும், ஒட்டுப்போடுவது பயனற்றது. முனைகளில் நெரித்துப் பொருத்திய இடங்களே முதலில் பழுதடைகின்றன. முன்பாய் ஏற்றப்பட்டதும் அதன் விளிம்புக் கம்பியே பாய்மரத்தின் இழுவையைத் தாங்கும். முன்கம்பி அப்போது தளர்ந்து கிடப்பதால் அதனைச் சோதிக்கப் பலர் மறக்கின்றனர். விளிம்புக் கம்பி அறுந்தால் பாய்மரம் விழாமல் காப்பது முன்கம்பிதான்.

அலுமினியப் பாய்மரம் மின்சாரத்தைக் கடத்தும். மின்கம்பிகளில் பட்டு உயிரிழப்புகள் நேர்ந்ததால், 1980களில் அமெரிக்காவில் விற்பனையான படகுகளுக்கு மின்கடத்தா உச்சிப்பகுதி அறிமுகமானது. எஞ்சிய பகுதி அலுமினியமே. ஆகவே பாய்மரத்தை நிறுத்துவதற்கு முன்பும், படகை நிறுத்திய நிலையில் இழுத்துச் செல்லும்போதும், தலைக்கு மேல் கம்பிகள் உள்ளனவா எனப் பார்த்தல் வேண்டும்.

மிதவைகள்

மிதவைச் சுவர் இரு கண்ணாடியிழை அடுக்குகளுக்கு இடையே நுரைப்பொருள் வைத்துச் செய்யப்பட்டது. அடுக்குகள் பிரிந்தால் மிதவையின் வலு குறையும். முன் குறுக்குத்தண்டுக்கு அருகில் மேற்றளத்தை விரலால் அழுத்தி, மென்மையான இடங்களை அறியலாம். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிவடைவதால், கரையில் நிறுத்தும்போது பின்முனையில் உள்ள வடிகால் அடைப்பான்களைக் கழற்றி வைப்பர். மீண்டும் கடலில் இறக்குமுன் அவற்றைப் பூட்ட மறந்தால் மிதவைகளில் நீர் நிறையும்.

பாய்மரமும் நீர் புகாதபடி அடைக்கப்பட்டிருக்க வேண்டும். நீர் புகுந்தால், கவிழ்ந்த படகு பக்கவாட்டில் மிதக்காமல் முற்றிலும் தலைகீழாகிவிடும். அதன்பின் இருவரால் நிமிர்த்துவது கடினம். கடற்பயணம் முடிந்ததும் படகு முழுவதையும் நன்னீரால் கழுவுதல் வழக்கம்.